முக்கோணமும் கொம்புச் சுருளும்

தலையிலிருந்து ஒரு நீளமான முடியை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே நீளவாக்கில் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். நாம் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தேய்க்கிறோம். முடியோ வேர் இருந்த பக்கமாகவே ஊர்ந்து போகும். அதன் மேல் நுண்ணிய செதில்கள் கூரை ஓடு போல, நுனியைப் பார்த்து அடுக்கியிருப்பதுதான் காரணம்.

கோபி பாலைவனத்து மங்கோலிய மேய்ப்பர்களின் வீடு இந்தச் செதிலை நம்பித்தான் நிற்கிறது. செம்மறிக் கம்பளியில் செதில்கள் நன்றாகத் துருத்தி நிற்கும். அந்தக் கம்பளியை அடித்து உதறி, பழைய விரிப்பு ஒன்றின் மேல் பரப்பி, தண்ணீர் தெளித்துச் சுருட்டிக் கட்டுகிறார்கள். அப்புறம் குதிரையையோ ஒட்டகத்தையோ பூட்டிப் புல்வெளியில் உருட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் இழைகள் தத்தம் வேர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகரும். வந்த வழியே திரும்ப முடியாது. கடைசியில் எந்தச் சீப்பாலும் எடுக்க முடியாத சிக்கு. நூலும் தறியும் இல்லாமலே தடித்த விரிப்பு தயார். இதற்கு எஸ்கீ என்று பெயர். அடியில் விரித்த பழசைத் 'தாய்' என்கிறார்கள்; எவ்வளவு அழகான சொல்! சிக்குக்குள் அடைபட்ட காற்றுதான், மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் குளிரை 'கெர்' கூடாரத்துக்கு வெளியே நிறுத்துகிறது.

அரேபியாவின் பாலைவன நாடோடிகளான பெதுயின்கள் கூடாரத்துக்கு நம்புவது வெள்ளாட்டு முடியை. அது முரடு, செதில்களும் படிந்து கிடக்கும், லேசில் சிக்காகாது. அதனால் நூற்று நெய்தே ஆக வேண்டும். தரையில் முளையடித்துக் கட்டிய தறியில் பெண்கள் நீளநீளமான பட்டைகளாக நெய்து, பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள். வெயிலில் இழைகளின் சந்து வழியே சூடான காற்று வெளியேறும். மழை பெய்தால் முடி ஊறித் தடித்து அந்த இடைவெளிகளை அடைத்துவிடும்.

இரண்டு ஊர் விரிப்புகளின் அலங்காரக் கோலங்களும் இங்கேதான் பிரிகின்றன என்று நினைக்கிறேன். பெதுயின்களின் 'ஸது' நெசவில் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் மேலே தெரியும். கறுப்பு, வெள்ளை என இணையாக ஓடும் இழைகளில் எதை மேலே எடுப்பது என்று விரலால் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். இப்படிப் படிப்படியாக நகரும்போது முக்கோணமும் சாய்சதுரமும் இயல்பாக வரும், வளைவு வராது. எஸ்கீயில் பாவும் கிடையாது, குறுக்கே ஓடும் ஊடையும் கிடையாது. கத்தி எந்தப் பக்கம் வளைந்தாலும் ஓரம் பிரியாது. ஊசியும் இஷ்டம்போல் திரும்பலாம். ஆகவே அங்கே ஆட்டுக்கொம்பு போன்ற சுருள்கள். மங்கோலியாவின் நோயோன் ஊல் மலையில் 1924-25இல் ரஷ்ய ஆய்வுப் பயணி கோஸ்லோவின் குழு தோண்டிய கல்லறைகளில், ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைய கம்பளி விரிப்பு கிடைத்தது. அதன் நடுப்பகுதி முழுக்கச் சுருள் தையல்தான்.

ஸது நெசவை அவசரமாகக் காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் 2011இல் யுனெஸ்கோ சேர்த்தது. எந்த இழையை எடுப்பது என்ற கணக்கு அம்மாவிடமிருந்து மகளுக்குக் கைவழியாகவே வந்தது. அமீரகத்தில் அதை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அப்போதே வயதான பெண்கள்.