கல்லாற்று மணலில் உப்புக் குடிக்கும் பட்டாம்பூச்சிகள்

ஏப்ரல் மாதம், கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதை ஏறத் தொடங்கும் கல்லாறில் இறங்கி ஆற்றோரம் நடந்தேன். காலை பத்து மணி இருக்கும். தண்ணீர் பின்வாங்கிய ஈர மணலில் வெளிர்மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடப்பதுபோல இருந்தது. கிட்டப் போனதும் அத்தனையும் எழும்பிப் பறந்தன. கொன்றை இலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிகள்! அசையாமல் நின்றேன். ஒன்று திரும்பி வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து அடுத்தது, அப்புறம் மொத்தக் கூட்டமும்.

தாகம் என்றால் நாலடி தள்ளி ஓடும் தெளிந்த நீரிலேயே குடித்திருக்கலாம். இவை தேடி வருவது உப்பை, சரியாகச் சொன்னால் சோடியத்தை. இலைகளில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. பூந்தேனோ பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். புழுவாக இருக்கும்போது இலை, சிறகு முளைத்த பின் தேன் என்று வாழும் உயிருக்கு நரம்பும் தசையும் இயங்கத் தேவையான சோடியம் எங்கே கிடைக்கும்? மண்ணில் ஊறிய நீர் கொஞ்சம் உப்பைக் கரைத்து வைத்திருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாக ஆவியாக, அந்த உப்பு மேல்மணலில் சேர்கிறது. யானை லத்தியிலும், மாட்டு மூத்திரம் பட்ட மண்ணிலும், வியர்த்த நம் கையிலும் இவை வந்து உட்காருவது இதற்காகத்தான். இலைதழை தின்னும் பெரிய உயிர்களுக்கும் இந்தக் குறை உண்டு. மலைமேல் தோடர்கள் தங்கள் எருமைகளுக்கு உப்புநீர் காட்டுவதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில், நீலப்பச்சைப் பட்டை ஓடும் கறுப்புச் சிறகோடு ஒன்று தனியாக நின்றது. குனிந்து பார்த்தேன். உறிஞ்சுகுழல் மணலில் ஊன்றியபடி இருக்க, வயிற்று நுனியிலிருந்து சில விநாடிக்கு ஒரு சொட்டு பீய்ச்சி அடித்தது. ஈர மணலில் உப்பு அவ்வளவு நீர்த்துக் கிடக்கிறது. அதனால் ஏராளமான நீரைக் குடலில் ஓடவிட்டு, சோடியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது.

இப்படி வருபவை பெரும்பாலும் ஆண்கள். எனக்கு இதில் ஆகப் பெரிய வியப்பு இதுதான். ஸ்மெட்லி, ஐஸ்னர் என்ற இருவர் 1996இல் அமெரிக்க அந்துப்பூச்சி ஒன்றை ஆராய்ந்து விடை சொன்னார்கள்: சேற்றில் மணிக்கணக்காக உறிஞ்சிய சோடியத்தை, இணைசேரும்போது ஆண் விந்தோடு சேர்த்துப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறது. பெண் அதை முட்டைகளில் வைக்கிறது. உப்பில்லாத இலையைத் தின்னப் போகும் புழுவுக்கு அது அப்பன் வீட்டுச் சீர்.

கரைமேல் கொன்றை மஞ்சளாகப் பூத்திருந்தது. பெண் பட்டாம்பூச்சி ஒன்று பூவைக் கண்டுகொள்ளாமல் தளிரைச் சுற்றிச் சுற்றி வந்து, வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் போனது.