தள்ளிய கோப்புகளைத் திறந்து பாருங்கள்

கடன் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் ஒரு கணினி மாடலைச் சோதிக்கும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. அதன் கணிப்பு எத்தனை முறை சரியாக இருந்தது என்ற துல்லியக் கணக்கெல்லாம் நன்றாகவே இருந்தது. வழக்கம்போல, மாடல் தள்ளிய விண்ணப்பங்களில் ஐம்பதை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பலவற்றில் ‘இந்த முகவரியில் எத்தனை ஆண்டுகள்’ என்ற கட்டம் காலி. மென்பொருள் அதில் 0 என்று நிரப்பியிருந்தது. ஒருவர் இணைத்திருந்த ரசீதுகளில் பதினோரு ஆண்டுகளாக அதே முகவரி. மாடலுக்கோ அவர் நேற்றுக் குடிவந்தவர். அவருக்குப் போன கடிதத்தில் ‘தகுதி இல்லை’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

இந்த வகைத் தவறு துல்லியக் கணக்கில் அகப்படாது. கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினாரா என்பது பிறகு தெரியவரும். கடனே கிடைக்காதவர் கட்டியிருப்பாரா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அநியாயமாகத் தள்ளியதற்குச் சாட்சியே உருவாவதில்லை. அதனால்தான் கோப்பைத் திறந்து படிக்கச் சொல்கிறேன்.

இப்படித் தவறு நடக்கப் பெரிய செயற்கை நுண்ணறிவுகூடத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர்பெற்ற அரசுத் திட்டம் செய்தது வெறும் வகுத்தல் கணக்கு. ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை பெற்ற காலத்தோடு ஒப்பிட்டது. பாதி ஆண்டு வேலை பார்த்து, மீதிப் பாதியில் வேலையில்லாமல் உதவி பெற்றவர் வருமானத்தை மறைத்தவராகத் தெரிந்தார்; பெற்ற உதவித்தொகை அவர் திருப்பிக் கட்டவேண்டிய கடனாக மாறியது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது, பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து. கடைசியில் 2020இல், சுமார் 4,70,000 கடன்களுக்கு வசூலித்ததைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது.

மாடலிடம் எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்பதிலும் சறுக்கல் உண்டு. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு மென்பொருளை அலசியது. நோயின் தீவிரத்துக்குப் பதிலாக அது சிகிச்சைச் செலவைக் கணித்தது. கறுப்பினத்தவருக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. எனவே அதே அளவு நோய் இருந்தும் கூடுதல் கவனிப்புக்கான வரிசையில் அவர்கள் பின்னால் போனார்கள்.

‘கடைசி முடிவை மனிதர்தான் எடுக்கிறார்’ என்று பல குழுக்கள் சொல்லும். சரி, அந்த மனிதருக்கு ஒரு கோப்புக்கு எத்தனை நிமிடம்? மாடல் சொன்னதை மாற்ற அதிகாரம் உண்டா? போன மாதம் எத்தனை முறை மாற்றினார்? ஒருமுறைகூட இல்லை என்றால் அவர் முடிவெடுக்கவில்லை, முத்திரை குத்துகிறார். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதைத்தான் குறிவைக்கிறது. ஒருவர் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடுவதற்கு அது வரம்பு வைக்கிறது.

அந்தக் கடன் மாடலில் காலிக் கட்டம் இருந்தால் விண்ணப்பதாரரிடமே கேட்கும்படி மாற்றினார்கள். கடிதத்தில் காரணமும் ஏறியது. இதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அப்புறம், ஏற்கெனவே தள்ளியவற்றையும் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். அதற்கு ஒப்புக்கொள்ள வைக்க நான்கு மாதம் ஆனது.