ஸ்பானிஷும் இத்தாலியனும் சேர்த்தே படிக்கலாமா?

“ரெண்டும் ஒரே மாதிரிதானே, சேர்த்தே ஆரம்பிச்சிடலாமா?” இந்த மாதமும் இதே கேள்வி. ஆரம்பியுங்கள். ஆறு மாதம் கழித்து ஸ்பானிஷும் வராது, இத்தாலியனும் வராது. இரண்டையும் குழைத்த ஏதோ ஒன்று வரும்.

ஒற்றுமை கைகொடுப்பது வாசிக்கும்போது. பேசும்போது அதுவே காலை வாரும். ‘புர்ரோ’ ஸ்பானிஷில் கழுதை, இத்தாலியனில் வெண்ணெய். ஸ்பானிஷ் ‘சலீர்’ வெளியே போவது, இத்தாலியன் ‘சலீரே’ மேலே ஏறுவது. இரண்டும் அரைகுறையாகப் பதிந்திருந்தால், வாயைத் திறந்ததும் எது முந்தும் என்று உங்களுக்கே தெரியாது. உடனே “எனக்கு ஞாபகசக்தி போதாது” என்று ஒரு புலம்பல். ஐயா, ஞாபகத்தில் இருப்பதால்தானே அந்தச் சொல் வந்து குறுக்கே நிற்கிறது! ஒரு மொழியில் பேசும்போது மற்றவை தூங்கிவிடுவதில்லை. அவற்றை அடக்கி வைக்கவும் மூளை உழைக்க வேண்டும். மூன்றாவது மொழியில் சொல் தேடும்போது தாய்மொழிச் சொல்லை விட்டுவிட்டு, இடையில் கற்ற அந்நிய மொழிச் சொல் நாக்கில் வந்து விழுவது பலருக்கும் நடப்பதுதான். (எங்கள் துறையில் இதற்குக் ‘குறுக்கீடு’ என்று பெயர். நோயின் பெயர் அல்ல.)

முதல் மொழி பி1 நிலைக்கு வரட்டும். அதாவது, அன்றாட விஷயங்களைத் தட்டுத்தடுமாறியாவது சொந்தமாகப் பேச வரட்டும். அதற்குப் பிறகு அதன் உறவு மொழியைத் தொடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையா? ஸ்பானிஷோடு ஜப்பானியம் போல ஒட்டுறவில்லாத ஜோடியாக எடுங்கள். உறவு மொழிகளேதான் வேண்டுமென்றால், ஒன்று காலையில், மற்றது மாலையில், நோட்டும் வேறு வேறு. குழப்பும் சொற்களைத் தனியாக எழுதாதீர்கள், முழு வாக்கியத்தோடு எழுதுங்கள்.

இன்னொன்று. சொற்பட்டியலைப் பத்து தடவை வாசித்துவிட்டு “படிச்சாச்சு” என்று சொல்லாதீர்கள். கண்ணுக்குப் பழகியது வாய்க்கு வராது. உரைப்பகுதிகளை வைத்து ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே நோட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம். நாளுக்குப் பத்துப் பதினைந்து புதுச் சொல் போதும்.

புது மொழி வந்ததும் பழையதை அடியோடு கைவிடாதீர்கள், வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். பேச்சு நடுவே வேற்றுமொழிச் சொல் நுழைந்துவிட்டால் தயவுசெய்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வாக்கியத்தை முடித்துவிட்டு, சரியான சொல்லோடு இன்னொரு முறை சொல்லுங்கள்.