தும்பிக்கைய ஆத்துல விட்டு நிக்கிற மலை

சீனாவுல குய்லின் போயிருந்தப்ப படகுல பக்கத்துல இருந்த நம்ம ஊர் அக்கா ஒருத்தங்க, "தம்பி, இந்த ஓட்டைய எந்த ராஜா குடைஞ்சாரு?"ன்னு கேட்டாங்க. கேக்கத்தான் தோணும். லீ ஆத்தோட இன்னொரு சின்ன ஆறு வந்து சேர்ற முனையில யானைத்தும்பிக்கை மலை நிக்குது, நிஜமாவே ஒரு யானை கரையில நின்னு தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கு. தண்ணியில இருந்து 55 மீட்டர் உயரம்தான், ஆனா கண்ணை எடுக்க முடியல. தும்பிக்கைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற வளைவு ஆத்துல நிழல் விழுந்து முழு வட்டமா நிலா மெதக்குற மாதிரி தெரியுது, அதனால அதுக்கு நீர்நிலாக் குகைன்னு பேரு.

ராஜா இல்லக்கா, மழையும் ஆறும்தான்னு சொன்னேன்.

நான் நிலத்தடி நீர் பாக்குற ஜியாலஜிஸ்ட், எனக்கு இந்த மலை ரொம்ப நெருக்கம். இது சுமார் 36 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடியில படிஞ்ச சுண்ணாம்புக்கல். கடல்தரை மேல எழும்பினதுக்கு அப்புறம் மழை அதுமேல வேலைய ஆரம்பிச்சிருக்கு. மழைத்தண்ணி காத்துல இருந்தும், அதைவிட அதிகமா மண்ணுல மக்குற இலை தழையில இருந்தும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கிட்டு சோடா மாதிரி லேசா புளிப்பாயிடும், அது விரிசல் வழியா இறங்கி கல்லைக் கரைச்சுக்கிட்டே போகும், விரிசல் பொந்தாகி பொந்து குகையாகி கூரை இடிஞ்சு விழுந்து, கரையாம மிஞ்சினதுதான் அங்க தனித்தனியா நிக்கிற அத்தனை மலையும். தும்பிக்கை வளைவுல ஆத்துக்கும் பங்கு இருக்கு, தண்ணி மட்டத்துல அடிப்பாறைய அரிச்சு அரிச்சு ஓட்டை போட்டுடுச்சு, மேல்பாறை பாலமா நின்னுடுச்சு. போர்ல வர்ற உப்புத்தண்ணிய காய்ச்சுற பாத்திரத்துல அடியில வெள்ளையா படியுதே, அதுவும் இப்படிக் கரைஞ்சு வந்த சுண்ணாம்புதான்.

இந்த அழகுக்குள்ள ஒரு ஆபத்து இருக்கு. மணல்ல இறங்குற அழுக்குத்தண்ணி ஓரளவு வடிகட்டிதான் கீழ போகும், சுண்ணாம்புப் பாறையில அது நடக்காது, உள்ள இருக்கறதெல்லாம் பைப் மாதிரி திறந்த வழி. நாங்க ஃபீல்டுல ஒரு குழியில சாயம் கலந்து விட்டுட்டு ஊத்துல காத்திருப்போம், கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கற ஊத்துல அது சில நாள்லயே, சில சமயம் அன்னைக்கேகூட வந்துடும். ஒரு தடவை சாயம் ஊத்தப் போன குழியில ஊர்க்குப்பை மொத்தமும் கிடந்துச்சு, கீழ ஊத்துல பொம்பளைங்க குடத்துல தண்ணி மொண்டுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு சாயம் ஊத்தாமலே எனக்கு பதில் தெரிஞ்சுபோச்சு. அதனால இந்த மாதிரி மலைக்குப் போனா ஒரு பிஸ்கட் கவரைக்கூட பொந்துல போடாதீங்க, அது யாரோ குடிக்கிற தண்ணியோட வழி.

அடுத்த நாள் நாணல் புல்லாங்குழல் குகைக்குப் போனோம். கூரையில தொங்குற கல்லுங்க சொட்டு சொட்டா படிஞ்சு வளர்றது, ஒரு விரல் நீளத்துக்கே நூத்துக்கணக்கான வருஷம் ஆகலாம், நம்ம கையில இருக்கற எண்ணெய்ப்பசை பட்டா அந்த இடத்துல சுண்ணாம்பு சரியா படியாது, கறுத்தும் போகும். அந்த அக்கா ஒண்ணைத் தொட கையைத் தூக்கினாங்க, நான் சொன்னதும் கீழ இறக்கிட்டு, கொஞ்ச நேரம் நின்னு அந்த நுனியில இருந்து சொட்டு விழறதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.