கதிர்வீச்சு அறைக்கு ஓர் ஒத்திகை

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் முன் நோயாளிக்கு ஒரு மாஸ்க் செய்வார்கள். வெந்நீரில் இளகவைத்த தெர்மோபிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மீது இழுத்துப் படியவைத்தால், சில நிமிடங்களில் அது முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். பிறகு, பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரங்கள், அவர் அந்த மாஸ்க்குக்குள் அசையாமல் படுத்திருக்க, தொழில்நுட்பர்கள் அதன் ஓரங்களை மேசையோடு பூட்டிவிட்டு வெளியேறுவார்கள். கதிர் பாயும் நேரத்தில் அறைக்குள் அவர் மட்டுமே இருப்பார். அந்த அனுபவத்தை முன்கூட்டியே காட்டிவிடும் டிஜிட்டல் கருவிகள் அவருடைய பதற்றத்தைத் தணிக்குமா?

கதிர் பாய்வதை உடல் உணர்வதில்லை. ஆனாலும் "வலிக்காது, பயப்படாதீர்கள்" என்ற சொல்லால் மட்டும் பதற்றம் அடங்குவதில்லை. ஏனெனில் அந்தப் பதற்றத்தின் வேர் பெரும்பாலும் அடுத்து என்ன நிகழும் என்று தெரியாமையில் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 45 தன்னார்வலர்கள் கணினித் திரையில் தோன்றும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகித்தார்கள். பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த வேளையைவிட, விழலாம், விழாமலும் போகலாம் என்ற சரிபாதி வாய்ப்பின்போதுதான் அவர்களுடைய மன அழுத்தம் உச்சத்தை எட்டியது.

செவிலியர் துறை ஆய்வாளரான அமெரிக்காவின் ஜீன் ஜான்சன் இதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வழியைக் காட்டியிருந்தார். சிகிச்சையின் மருத்துவ விளக்கத்தோடு நில்லாமல், நோயாளி எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார், உடலில் எதை உணர்வார், எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய அணுகுமுறை. புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் அவர் குழுவினர் இதைச் சோதித்து 1988இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அத்தகைய தகவலைப் பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை சிகிச்சைக் காலத்தில் குறைவாகவே குலைந்தது.

இன்றைய டிஜிட்டல் கருவிகள் அதே விவரிப்பைக் காட்சியாக்குகின்றன. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் மாணவர் பயிற்சிக்காக உருவாகி, பின்னர் நோயாளிகளுக்கும் காட்டப்பட்ட 'வெர்ட்' மென்பொருள், சிகிச்சை அறையை முப்பரிமாணத்தில் திரையில் விரிக்கிறது. கதிர்வீச்சு இயந்திரத்தின் தலைப்பகுதி உடலைச் சுற்றி வருவதையும், லேசர் கோடுகள் உடலில் விழுவதையும் நோயாளி முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். கேமரா வழியே தன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், கையை உயர்த்தினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள் என்பதையும் காட்டுகிற கருவியே நல்ல கருவி என்பேன். தன் கையில் ஒரு பிடி இருக்கிறது என்ற அறிவைப் போல் ஆறுதல் தருவது வேறில்லை.

மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாகவே மறந்துபோகிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. இத்தகைய காட்சிகளைக் காணொளியாகக் கொடுத்தால், வீட்டாரோடு அமர்ந்து மறுபடியும் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அவருடைய மொழியிலேயே குரல் வழியாகப் புரியவைக்கலாம். ஆனால் அது மாஸ்க் செய்யும் நாளுக்கு முன்பே கைக்கு வந்தாக வேண்டும். சிகிச்சையின் முதல் நாள் காலையில் வரவேற்பறையில் காட்டுவதால் பெரும்பயன் இராது.

எல்லோருக்கும் எல்லாத் தகவலும் ஆறுதல் தருவதுமில்லை. உளவியலாளர் சூஸான் மில்லர் விளக்கியதுபோல், சிலர் நுணுக்கங்களைத் தேடித் தெரிந்துகொண்டு தெளிவார்கள்; வேறு சிலரோ அதனாலேயே மேலும் கலங்குவார்கள். ஆகவே வேண்டிய பகுதியை மட்டும் திறந்து பார்க்கும்படி கருவி அமைய வேண்டும். ஆய்வுகளிலும், இக்கருவிகளால் நோயாளியின் அறிவு கூடுவது தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் பதற்றம் குறைவது எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிவதில்லை. அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுபவருக்கு மனநல ஆலோசகரின் துணையோ, முகப்பகுதி திறந்த மாஸ்க்கோ, சில வேளை மருந்தோ தேவைப்படும். அத்தகையவரை இனங்காண, காணொளியைக் கொடுப்பதற்கு முன்பே ஒருவர் அவர் அருகில் உட்கார்ந்து, எது அவரை அச்சுறுத்துகிறது என்று கேட்டாக வேண்டும்.