சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் படியுங்கள்

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பெரியம்மாவைச் சேர்த்தோம். வரவேற்பறையில் கோபுர முத்திரையோடு ஒரு சான்றிதழ் கண்ணாடிக்குள் தொங்கியது. "கவர்மெண்ட் அங்கீகாரம்" என்றார் பொறுப்பாளர். நாலு மாதம் கழித்து, பெரியம்மாவின் கால் நகம் வளர்ந்து சதைக்குள் வளைந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் நாற்காலியில் ஏறி அதைப் படித்தேன். சங்கப் பதிவுச் சான்று. ஊரில் ஒரு கிளப் தொடங்கினாலும் கிடைக்கிற காகிதம்.

டிரஸ்ட் பத்திரம், நன்கொடை கொடுப்பவருக்கான 80ஜி வரிவிலக்கு இரண்டும் இதே கதைதான். முதியோர் இல்லம் நடத்த, 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி சமூக நலத் துறையில் பதிவு வேண்டும். அந்தச் சான்றைக் கேளுங்கள், அது எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பாருங்கள். கூகுளில் நட்சத்திரம் பார்த்து ஏமாறாதீர்கள். இல்லம் நடத்துபவரின் மருமகனும் அங்கே ஐந்து போடலாம்.

அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் எல்லாக் கட்டிலிலும் புது விரிப்பு இருக்கும். நீங்கள் சொல்லாமல் ஞாயிறு சாயங்காலம் போங்கள். கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, அங்குள்ளவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா, பாருங்கள்.

புகார் என்று போனால் அலைச்சல் தொடங்கும். ஒரே கட்டடத்தில் முதியவர், மனநலம் பாதித்தவர், மாற்றுத்திறனாளி என்று கலந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு சட்டம், வேறு அலுவலகம். "இது எங்க செக்‌ஷன் இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு இதுவே போதும். அதனால் மனுவின் முதல் வரியிலேயே 60 வயது கடந்தவர் என்பதையும் சட்டத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். மனு எண் வாங்காமல் படி இறங்காதீர்கள். வாயால் சொன்ன புகாருக்கு மறுவாரம் அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆய்வு நடந்ததா என்று கேட்டால் "நடந்தது" என்பார்கள். சரி, அறிக்கையின் நகலைக் கொடுங்கள் என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு பொறி உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனிலேயே இடம் பேசி முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கம் இருந்தால் அது கேரளம். நாகர்கோவிலில் மனு கொடுத்துப் பயனில்லை. பணம் அனுப்பும் முன் முகவரியின் மாவட்டத்தைக் கேளுங்கள்.

உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14567. முதியோருக்கான இலவச எண், காலை 8 முதல் இரவு 8 வரை.