வீட்டைத்தான் மாற்றியாச்சே, பையன் ஏன் ஆடக் கூடாது?

"அண்ணா, ஒரு சின்ன சந்தேகம்" என்று போன் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சந்தேகம் சின்னதாகவே இருக்காது. லீஸில் கையெழுத்துப் போட்டு, பழைய பள்ளியில் பெயரை வெட்டி, புதுப் பள்ளியில் சேர்த்து, பையன் புது டீ-சர்ட்டோடு போட்டோவும் எடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். போன வாரம் வந்தது இந்தப் பருவத்தின் நான்காவது போன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாவது ஆளுக்கு இதன் லிங்க்கை அனுப்பிவிட்டால் போதுமல்லவா.

டாலஸ் நகரத்துக்கு வடக்கே ஒரு அரசுப் பள்ளியில் பதிமூன்று வருடமாக டென்னிஸ் கோச்சாக இருக்கிறேன். ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் பெருகப் பெருக, கோயில் பிரகாரத்தில், பிறந்தநாள் விருந்தில், கோர்ட் வேலிக்கு வெளியே என்று எங்கு பார்த்தாலும் இதே கேள்விதான்: வீடு மாறிப் பள்ளியும் மாறினால் பிள்ளை உடனே ஆடலாமா? டெக்சஸில் அரசு உயர்நிலைப் பள்ளி விளையாட்டை நடத்துவது யு.ஐ.எல். என்கிற அமைப்பு, 1910 முதல் இருக்கிறது. நான் சொல்வதெல்லாம் அதன் விதிகளைப் பற்றித்தான். வேறு மாநிலக்காரர்கள் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள், இதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடாதீர்கள்.

போன வார விஷயத்துக்கு வருகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையன் பதினொன்றாம் வகுப்பு. இலையுதிர் பருவத்தில் ஒரு பள்ளிக்கு டீம் டென்னிஸ் ஆடினான். ஜனவரியில் குடும்பமே பத்து மைல் தள்ளி வேறு பள்ளியின் எல்லைக்குள் குடிபெயர்ந்தது. இது பொய் இல்லை, உண்மையாகவே போனார்கள். பழைய வீட்டை வாடகைக்கு விட்டாச்சு, சாமான் எல்லாம் வந்தாச்சு, அம்மி உட்பட. அப்பாவுக்கு முழு நம்பிக்கை. "எங்க பேப்பர் எல்லாம் பக்கா, எவனும் ஒண்ணும் கேட்க முடியாது" என்றார்.

கேட்டார்கள்.

பள்ளி மாறி வரும் விளையாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் 'முந்தைய விளையாட்டுப் பங்கேற்புப் படிவம்' என்று ஒன்று உண்டு, நாங்கள் பி.ஏ.பி.எஃப். என்போம். அதில் பெற்றோர் நிரப்பும் பகுதி இருக்கிறது, பழைய பள்ளி நிரப்பும் பகுதியும் இருக்கிறது. இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. பயிற்சியாளரோடு பிணக்கு இருந்ததா, விளையாட்டுக்காகத்தான் மாணவர் மாறுகிறார் என்று கருதுகிறீர்களா என்றெல்லாம் பழைய பள்ளியைக் கேட்பார்கள். பழைய கோச் நவம்பரில் தனக்கு வந்த ஒரு மின்னஞ்சலை எடுத்து இணைத்துவிட்டார். அப்பா எழுதியதுதான். பையனை முதல் நான்கு சிங்கிள்ஸ் இடங்களில் போடாவிட்டால், அவன் அருமை தெரிந்த பள்ளியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். விசாரணை மேசையில் அந்தத் தாளில் இந்த ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தது. வேறு எதையும் யாரும் படிக்கவில்லை. அப்பா தன் கோப்பிலிருந்து லீஸை எடுத்து நீட்டினார், மின் கட்டண ரசீதை நீட்டினார். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு முழு வருடம் வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதன்மை அணி, கிடையாது என்று தீர்ப்பு.

எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் தகுதி தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. அது தவறு. யு.ஐ.எல். இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள். இன்னொன்று, எதற்காக மாறினீர்கள். முதல் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இரண்டாவதில் விழலாம். விளையாட்டுக்காகப் பள்ளி மாறினால் குறைந்தது ஒரு வருடம் வார்சிட்டியில் ஆட முடியாது. நீங்கள் வாங்கியது மாளிகையானாலும் சரி, பதிவுக் கட்டணம் எவ்வளவு கட்டியிருந்தாலும் சரி, விதி அதேதான். "வீடு வாங்கினது எங்க சொந்தக் காசுல" என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். காசு யாருடையது என்று யாரும் கேட்கவே இல்லையே ஐயா! பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களே என்பது இதன் தம்பி வாதம். பள்ளியில் சேர்ப்பது கல்வி உரிமை, யாரும் தடுக்க முடியாது. களத்தில் இறக்குவது வேறு கதை. இரண்டுக்கும் வேறு வேறு படிவம், முடிவு செய்கிறவர்களும் வேறு ஆட்கள்.

எந்த ஆட்கள் என்று கேட்டால் இன்னும் சுவாரசியம். முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்ட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி. உங்கள் பள்ளி எந்தப் பிரிவில் ஆடுகிறதோ, அந்தப் பிரிவுப் பள்ளிகளின் நிர்வாகப் பிரதிநிதிகள்தான் அதில் உட்கார்ந்திருப்பார்கள். அதாவது உங்கள் பையனோடு மோதப்போகிற பள்ளிகள். பழைய பள்ளியும் அதே பிரிவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் சில இரவுகள் தூக்கம் வந்ததில்லை. மாநிலக் கமிட்டிக்கு மேல்முறையீடு போகலாம், ஆனால் மஞ்சள் மார்க்கர் போட்ட தாளும் கூடவே போகும்.

இந்த ஒரு வருடத்தைச் சரியாகக் கணக்குப் போடுகிறவரையும் நான் பார்த்ததில்லை. ஜனவரியில் மாறினால் அடுத்த ஜனவரி வரை. அதாவது பதினொன்றாம் வகுப்பு வசந்தகாலத் தனிநபர்ப் போட்டிகள் போச்சு, பன்னிரண்டாம் வகுப்பு இலையுதிர்கால டீம் டென்னிஸும் போச்சு. மிஞ்சுவது கடைசி வசந்தம் மட்டும். "இந்த சீசன்தானே போகும்" என்றார் அந்த அம்மா. இல்லை அம்மா, இரண்டு சீசன்.

பருவத்தின் நடுவே மாறுவது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் மாறினால் ஆயிரம் காரணம் இருக்கலாம். பாதி ஆட்டம் ஆடிவிட்டு மாறினால் முதலில் தோன்றுவது ஒரே காரணம்தான்.

சரி, இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? பாதி, கல்லூரி விளையாட்டிலிருந்து. அங்கே 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற நினைக்கிற ஆட்டக்காரர்கள் பெயர் பதிகிற தளம், வந்தது, 2021-இல் ஒருமுறை மாறினால் ஆடாமல் உட்கார வேண்டாம் என்றார்கள், 2024-இல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நிற்கிறார்கள். மீதி, வேறு மாநில உறவினர்கள் புண்ணியம். ஃப்ளோரிடாவில் 2016-இல் சட்டமே போட்டுப் பள்ளி மாறுவதைத் தாராளமாக்கிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அங்கேயும் ஒரே கல்வியாண்டில் ஒரு பள்ளிக்கு ஆடிய விளையாட்டை இன்னொரு பள்ளிக்கு ஆட முடியாது. ராணுவ இடமாற்றம், வளர்ப்பு இல்லத்துப் பிள்ளைகள், பிரிவு அல்லது மணவிலக்கால் நீதிமன்றம் பொறுப்பை மாற்றிய பிள்ளைகள், இப்படிச் சிலருக்கு மட்டும் விலக்கு. தாராளம் என்று பேர் வாங்கிய மாநிலத்திலேயே நடுப்பருவத்துக்குக் கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கிறது. கலிஃபோர்னியா மைத்துனர் சொன்னார் என்று வருகிறவர்களுக்கும் ஒன்று: அங்கே குடிபெயராமல் மாறினால் பருவத்தில் ஏறக்குறைய பாதி உட்கார வேண்டும், பொய்க் காகிதம் கொடுத்து மாட்டினால் இரண்டு வருடம் வரை தடை.

பொய்க் காகிதம் என்றதும் ஒரு பழைய கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் எங்கள் எல்லைக்குள் ஒரு அபார்ட்மெண்ட் எடுத்தது. விளையாட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் போய்க் கதவைத் தட்டினார். தட்டுவார்கள், ஆமாம். உள்ளே ஒரு மெத்தை, ஒரு மடக்கு நாற்காலி, சுவரில் ராக்கெட் பை. அடுப்படியில் ஒரு குக்கர்கூட இல்லை. நான் பிறகு கேட்டுச் சிரித்தேன், அழுகையும் வந்தது. குக்கர் இல்லாத தமிழ் வீட்டை எந்தக் கமிட்டி நம்பும்? அவர்கள் பார்ப்பது இதைத்தான்: மேசை நாற்காலியெல்லாம் வந்துவிட்டதா, பழைய வீட்டில் எதுவும் இல்லையா, தபால் முகவரி மாறியதா, பழைய வீட்டு மின்சாரம் இன்னும் உங்கள் பெயரில் ஓடுகிறதா, முழுக் குடும்பமும் இங்கே தங்க இடம் இருக்கிறதா. அப்பா இங்கே, அம்மாவும் தங்கச்சியும் பழைய வீட்டில் என்கிற ஏற்பாட்டைச் சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுப்பது அதைவிட மோசம். டெக்சஸ் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது, பொய்த் தகவல் தந்தால் தண்டனைச் சட்டம் 37.10-ஆம் பிரிவின் கீழ் குற்றம், கல்விக் கட்டணமும் உங்களிடம் வசூலிக்கப்படும் என்று. விசாவில் இருக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

விசா என்றதும் இன்னொன்று, தயவுசெய்து. வாக்காளர் பதிவு எங்கே என்று படிவ வேலையில் கேட்பார்கள். ஒருவர் பதற்றத்தில் பதிவு செய்யக் கிளம்பிவிட்டார், நல்லவேளை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்யக் கூடாது, செய்தால் டென்னிஸ் பிரச்சினை குடியேற்றப் பிரச்சினையாகிவிடும். 'நான் குடிமகன் இல்லை' என்று எழுதுங்கள், போதும். அதற்குப் பதில், முகவரி மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குச் சொல்ல வேண்டுமே, அந்த ரசீதைக் காட்டலாம். ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்ற முப்பது நாள். இரண்டும் எப்படியும் செய்ய வேண்டியவை.

வேலை மாறி நியூஜெர்சியிலிருந்து வருகிறவர்களே, உங்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. மார்ச்சில் வந்தாலும் வாருங்கள், ஆஃபர் கடிதத்தையும் லீஸையும் கொண்டு வாருங்கள், படிவம் மட்டும் உண்டு. தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால் பிள்ளை மட்டும் இடம் மாறியிருந்தால் குடியிருப்பு விதிக்கு விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உண்மையை மட்டும் எழுதுங்கள்.

பழைய பள்ளி மதிப்பெண்களும் கூடவே வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1984-இல் வந்த சட்டம், ஊரெல்லாம் 'நோ பாஸ், நோ பிளே' என்பார்கள். மதிப்பீட்டுக் காலத்தின் முடிவில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட முடியாது. பள்ளி மாறும் களேபரத்தில் கணக்கில் 68 வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் ஏராளம்.

அப்புறம், தனியார் அகாடமி கோச்சுகள். எனக்கு அவர்களில் நண்பர்கள் உண்டு, திட்டுவார்கள், பரவாயில்லை. "அந்த ஸ்கூலுக்கு மாறிடு, நம்ம பசங்க நாலு பேரு அங்கதான்" என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்கிற வாக்கியம், விதிப் புத்தகத்தில் கமிட்டி கவனிக்க வேண்டிய அறிகுறிகளில் ஒன்று. அகாடமிக் கூட்டாளிகள் படிக்கிற பள்ளிக்கு மாறுவதைக் கமிட்டிக்காரர்கள் தேடிப் பார்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் டென்னிஸில் கல்லூரி கோச்சுகள் பார்ப்பது முக்கியமாக யு.டி.ஆர். என்கிற டென்னிஸ் தர மதிப்பையும், யு.எஸ்.டி.ஏ. என்கிற அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் போட்டி முடிவுகளையும்தான். பள்ளியில் இரண்டாம் இடமா நான்காம் இடமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் பெற்றோர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

தகுதி இல்லாத பிள்ளையைத் தெரிந்தே இறக்கினால் தண்டனை அவனுக்கு மட்டும் இல்லை, அணி ஜெயித்த ஆட்டமே பறிபோகும். 2022-இல் தகுதி இல்லாத ஆட்டக்காரரை இறக்கியதற்காக டன்கன்வில் பள்ளியின் மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தையே பறித்தார்கள். அதனால்தான் எந்த கோச்சும் 'பார்த்துக்கலாம்' என்று சொல்ல மாட்டார். சொன்னால் அவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு பள்ளிகளின் விளையாட்டு அலுவலகத்தையும் கூப்பிடுங்கள். கோச் மீது கோபம் இருந்தால் இரவு பதினொன்றரை மணிக்கு மெயில் எழுதாதீர்கள், நேரில் போய்ப் பேசுங்கள். ஒரே பள்ளி மாவட்டத்துக்குள்ளேயே பல உயர்நிலைப் பள்ளிகள் இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் முதலில் தேர்ந்தெடுக்கும் பள்ளிதான் பெரும்பாலும் கணக்கு, அப்போதே யோசியுங்கள். பருவம் நடக்கிறதா, முடியட்டும், மே மாதம் வரட்டும். மே மாதத்திலும் காரணத்தைக் கேட்பார்கள், அது வேறு, ஆனால் பிள்ளை ஆடிக்கொண்டிருந்த பருவமாவது பிழைக்கும்.

அந்தப் பையன் இப்போது ஜூனியர் வார்சிட்டியில் ஆடுகிறான். அதற்குத் தடை இல்லை, பயிற்சிக்கும் தடை இல்லை, இதையும் பலர் தெரியாமல் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பையன்களுக்கு சர்வீஸ் டாஸ் சொல்லிக்கொடுக்கிறான் என்று அவன் புதுக் கோச் சொன்னார். அவன் யாருக்கும் எந்த மெயிலும் எழுதவில்லை.

சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். நான்கிலிருந்து ஆறு வரை கோர்ட்டில் இருப்பேன், போனை எடுக்க மாட்டேன், மெசேஜ் போடுங்கள். லீஸ் தேதியை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.